பிளாரன்ஸின் மே மாதம்

மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை பிளாரன்ஸுக்கு. எந்தப் படகுக்கு எத்தனை மணிக்கு ஐஸ் வேண்டும் என்று ஃபோனில் கேட்டு எழுதி வண்டியை அனுப்புவது அவள் வேலை. விடிகாலை ஐந்து மணிக்குப் படகுகள் கிளம்பும். பதினாலு வருஷத்தில் அவளால் ஒரு படகுகூடத் தாமதமானதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான், நேரம் காலம் தெரியாதவள் என்று ஒருவர் நினைத்தார். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவள் புருஷன் வளன், இருபத்திரண்டு வருஷமாக விசைப்படகில் டிரைவர். அவருக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு புலியைக் காட்டில், கூண்டில்லாமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பிளாரன்ஸ் இதைச் சொன்னபோது, "மீன் பிடிக்கிறவருக்குப் புலி எதுக்குடி?" என்று முதலில் கேட்டது நான்தான். சிரித்துக்கொண்டே வேறு கேட்டேன். ஊரில் எந்த டாக்டரிடமாவது, எந்த வக்கீலிடமாவது அப்படிக் கேட்டிருப்பேனா? இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மேசைக் காலண்டரைத் திருப்பிக் காட்டினாள். ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினாலு வரை, அறுபத்தொரு நாள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீதி வருஷம் முழுக்க ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அந்த அறுபத்தொரு நாளும் சும்மா கிடைப்பதில்லை. முதல் இரண்டு வாரம் ஈஸ்டரும், படகைக் கரையேற்றுவதும். பிறகு எஞ்சினைப் பிரித்து மாட்டுவது. ஜூன் பிறந்தால் பெயின்ட், வலை, லைசென்ஸ். நடுவில் மே மாதத்தில் ஒரு பத்து நாள்தான் வளன் யாருக்கும் வேண்டாத மனுஷன்.

"காட்டுக்கும் அதே பத்து நாள்தான் உமா" என்றாள். "மே மாசம் இலையெல்லாம் உதிர்ந்துரும். ஓடை வத்திரும். நாலஞ்சு குட்டையிலதான் தண்ணி கிடக்கும். புலி அங்கன வந்துதானே ஆகணும்? ஜூலையிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் உள்காட்டையே பூட்டிருவாங்க. மழை."

மகாராஷ்டிரத்தில் தடோபா என்கிற காடு. இங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து இன்னொரு ரயில். செவ்வாய்க்கிழமை காட்டுக்கு விடுமுறை என்பதால் புதனும் வியாழனும். புதன் மாலை ஒரு சவாரி, வியாழன் விடியற்காலை ஒன்று. எந்த வாசலில் நுழைந்தால் எந்தக் குட்டை பக்கம் என்பதுவரை போய் வந்தவர்களின் வீடியோவைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள். எல்லாம் ஒரே தாளில், அவளுடைய உருண்டைக் கையெழுத்தில். டிசம்பரிலேயே அந்தத் தாளையும் முன்பணத்தையும் கொண்டுபோய்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் ராஜதுரையிடம் கொடுத்தாள். ஒரு ஜீப்புக்கு ஆறு பேர். பிளாரன்ஸ், வளன், மகள் அனிஷா, வளனுடைய படகிலேயே வேலை செய்யும் டேவிட்சன், அவர் மனைவி பிலோமினா. ஆறாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டாள். கேலி பண்ணியவளைக் கூட்டிக்கொண்டு போகிற மனசு அவளுக்குத்தான் வரும்.

ஏப்ரல் கடைசியில் ராஜதுரை ஃபோன் செய்தார். பிளாரன்ஸ் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யம்மா, உங்க டிரிப்ப ஜூலைக்கு மாத்திட்டேன். காடு பச்சைப் பசேல்னு இருக்கும். கூட்டம் கிடையாது. ஆஃபரு வேற."

"ஜூலையில உள்காடு பூட்டித்தான அண்ணாச்சி கிடக்கும்?"

"வெளிக்காடு தொறந்துதான் இருக்கு."

"எங்களுக்குத் தடைக்காலம் ஜூன்ல முடியுது. அப்புறம் அவரு எப்படி வருவாரு?"

"ஒரு வாரம் கடலுக்குப் போகலன்னா என்ன குடியா முழுகிரும்? மே மாசம் ஒரு டாக்டர் குடும்பம் கேக்குதாங்க. பிள்ளைங்களுக்கு அப்பதான லீவு? மீன்காரங்களுக்கு எந்த மாசமா இருந்தா என்னம்மா? புலி புலிதான."

பிளாரன்ஸ் ஃபோனை வைத்துவிட்டு, அடுத்த படகுக்கு ஐஸ் எழுதினாள்.

மறுநாள் மத்தியானம் வளனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ராஜதுரை கடைக்குப் போனோம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வளனுக்கு மெதுவாகப் பேச வராது. இத்தனை வருஷம் எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. கோயிலில் அவர் ஜெபம் சொன்னால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். துறைமுகத்தில் எல்லா டிரைவர்களும் அப்படித்தான். எங்களுக்கு அது காதிலேயே விழாது.

அவர் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, எங்களுக்கு மே மாசத்த விட்டா வேற வழி இல்ல. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்றார். கெஞ்சல்தான். ஆனால் கடை அதிர்ந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். ராஜதுரை ஃபோனைக் கையில் எடுத்தார்.

"இங்கன வந்து சண்டித்தனம் பண்ணுத வேல வச்சுக்கிடாதீங்க. போலீஸக் கூப்பிட்டுருவேன்."

வளன் வெளியே போய் ரோட்டோரம் நின்றுகொண்டார். சுறா வலையில் மாட்டினாலும் பதறாத மனுஷன், தன் குரலுக்காக வெட்கப்பட்டு வெயிலில் நின்றார்.

பிளாரன்ஸ் மட்டும் நகரவில்லை. மேசைமேல் கிடந்த ஒரு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாளின் நகல். அதே புதன், அதே வியாழன், அதே வாசல், அதே உருண்டைக் கையெழுத்து. மேலே அவள் பெயரை அடித்துவிட்டு டாக்டரின் பெயர் எழுதியிருந்தது.

அதுதான் அயோக்கியத்தனம். எந்த மாதமானாலும் ஒன்றுதான் என்று சொன்ன மனுஷனுக்கு, எந்த நாள், எந்த நேரம், எந்தக் குட்டை என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவள் மூளையை எடுத்து வேறொருத்தருக்கு விற்றுவிட்டு, அவளிடம் ஆஃபர் பேசியிருக்கிறார். முன்பணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்தார். பணமா இங்கே பிரச்சினை? அந்தப் பத்து நாள் போனால் அடுத்த மே வரை வளனுக்குக் காடு இல்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையெல்லாம் பிளாரன்ஸ் வனத்துறையின் இணையதளத்தையே திறந்து வைத்திருந்தாள். யாராவது ரத்து செய்கிறார்களா என்று பார்க்கத்தான். விடியற்காலைச் சவாரி ஒன்றும் கிடைக்கவில்லை. குளிர்ச்சியாக இருக்கும் என்று எல்லோரும் அதைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். ஆறாம் நாள், மே மூன்றாம் வாரத்து வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஜீப் ஒன்று காலியானது. நாற்பத்தைந்து டிகிரி வெயில். பிளாரன்ஸ் யோசிக்கவே இல்லை. "வெயிலு அதுக்கும் சுடத்தான செய்யும்? தண்ணிக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டே ஆறு பேருடைய பெயரையும் ஆதார் எண்ணையும் அவளே தட்டினாள். இந்தத் தடவை யாரும் அடித்துவிட முடியாதபடி எங்கள் பெயர் அனுமதிச் சீட்டிலேயே இருந்தது.

பிறகு வளனுடைய குரல். ஜீப்பில் ஒருவர் சத்தம் போட்டால் போதும், வந்த வழியே புலி திரும்பிவிடும். ராஜதுரை கடையில் பட்டது வேறு மனசில் இருந்தது. இரண்டு வாரம் வீட்டில் அனிஷா அப்பாவுக்குக் கிசுகிசுக்கச் சொல்லிக் கொடுத்தாள். "குழம்பு ஊத்து" என்று அவர் காற்றாகக் கேட்க, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று பக்கத்து வீட்டில் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

வியாழன் மூன்று மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தோம். ஜீப் இரும்பைத் தொட முடியவில்லை. எனக்குத் தலை சுற்றியது. எஞ்சினோடு வாழ்ந்த இரண்டு ஆண்களும் அசையாமல் இருந்தார்கள். பிளாரன்ஸ் சொன்ன குட்டையருகே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். மற்ற ஜீப்புகள் பொறுமையிழந்து போய்விட்டன.

பிறகு அது வந்தது. காய்ந்த மூங்கிலுக்குள்ளிருந்து மெல்ல நடந்து வந்து, திரும்பிக்கொண்டு, பின்னங்காலை முதலில் தண்ணீரில் விட்டு, இடுப்புவரை உட்கார்ந்தது. பதினோரு நிமிஷம். வளன் கிசுகிசுக்கக்கூட இல்லை. அவர் கண்ணிலிருந்து நீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. பிளாரன்ஸ் புலியைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். மீதி நேரம் அவரைப் பார்த்தாள்.

ஜூன் பதினைந்தில் படகுகள் கிளம்பின. துறைமுகம் முழுக்க வளன் தன் சொந்தக் குரலில் புலிக்கதை சொன்னார். அடுத்த தடைக்காலத்துக்கு எங்களையும் சேர்த்துக்கொள் என்று ஒன்பது குடும்பம் பிளாரன்ஸிடம் வந்து நின்றது. வாசம் பிடித்துக்கொண்டு ராஜதுரையும் ஃபோன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யம்மா, பழச மனசுல வச்சுக்கிடாதீங்க. ஆளுங்கள எங்கிட்ட அனுப்புங்க. தேதி மட்டும் நீங்க குறிச்சுக் குடுங்க, போதும். எந்த மாசம்னு சொல்லுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஜூலையில கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. எந்த மாசமா இருந்தா என்ன? புலி புலிதான."