கேள்வித்தாளோடு செந்துறைக்குப் போன கதை

1983 ஆகஸ்டில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மூன்று நாள் சுற்றினேன். மெட்ராஸில் நான் பாடம் நடத்திய கல்லூரிக்கு ஆராய்ச்சி செய்ய வந்திருந்த ஜெர்மன்காரி உல்ரிக்கே கூட வந்தாள். பெண் விடுதலை என்றால் எந்த ஊரில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சித் தலைப்பு. அவளுடைய நாற்பது கேள்விகளைத் தமிழாக்கியவள் நான். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

திருச்சியில் காலை ஆறு மணி பஸ். பாடாலூரில் டீ குடிக்கப் பத்து நிமிடம். பெரம்பலூருக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் ஆனது. அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து லெப்பைக்குடிக்காடு போனோம்.

அங்கே ஜமீலா என்பவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கணவர் துபாயில். வேலைக்குப் போகக் கணவர் அனுமதிப்பாரா என்ற முதல் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "கொத்தனாரு, ஆசாரி எல்லாரையும் வேலை வாங்குறது யாருன்னு நெனச்சீங்க? எங்க ஹக்கு, உரிமை எல்லாம் கிதாபுலயே, குர்ஆன்லயே இருக்கும்மா. புதுசா யாரும் தர வேணாம். குறுக்க நிக்காம இருந்தாப் போதும்."

எங்கள் ஊரில் உரிமைகளை எழுத வைக்கவே சண்டை போட்டோம், இங்கே எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கச் சண்டையா என்றாள் உல்ரிக்கே. நோட்டில் இரண்டு பக்கம் எழுதினாள்.

மறுநாள் செந்துறையில் பத்து மணிக்குப் பெண்கள் கூட்டம் என்று சொல்லி வைத்திருந்தோம். எட்டு ஆண்கள் வந்தார்கள். பெண்கள் கடலைக்குக் களை வெட்டப் போயிருந்தார்கள். பெண்டாட்டிகளுக்காக நாற்பது கேள்விக்கும் அவர்களே பதில் சொன்னார்கள், அதுவும் சளைக்காமல். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே கடலைக் காட்டுக்குப் போனோம். பன்னிரண்டு பெண்கள் வரிசை பிடித்துக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதே முதல் கேள்வி. "வேலைக்குப் போகாம இருக்க வுடுவாரான்னு கேளுங்க!" என்றாள் ஒருத்தி. காடே சிரித்தது.

சிரிக்காதவள் அஞ்சலை. வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். புருஷன் ஆறு வருடத்துக்கு முன்னே வேறொருத்தியோடு போய்விட்டான். அவன் கையெழுத்து இல்லாமல் மனு வாங்க மாட்டார்கள் என்று ஊரில் பயமுறுத்தியிருந்தார்கள். பாதியில் போனால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் வேறு.

"நீ கெளம்புடி. உன் வரிசைய நாங்க வெட்டிட்டுப் போறோம்" என்றார்கள் இரண்டு பக்கமும் நின்றவர்கள். யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் அங்கே இதுதான் வழக்கம். எல்லார் வரிசையும் முடிந்தால்தான் கரையேறுவார்கள். இதற்கு என்ன பெயர் என்று உல்ரிக்கே கேட்கச் சொன்னாள். "இதுக்கென்னங்க பேரு, களை வெட்டுறதுதான்."

நாங்களும் அஞ்சலையோடு பஸ் ஏறினோம். அரியலூர் பதினெட்டு கிலோமீட்டர். தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, "புருஷன் எங்கம்மா?" என்றதும் நான் முந்திக்கொண்டு இங்கிலீஷில் சட்டம் பேசினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நீங்க செத்த சும்மா இருங்க. என் வூட்டுக்கு நான் பேசிக்கிறேன்" என்றாள் அஞ்சலை. எனக்கு முகம் சுருங்கிப்போனது.

அவள் மேஜைக்கு நேரே போய் நின்றாள். "அந்த எடத்துல கெடக்கறது நானும் எம்மவளும்ங்க. ஓடிப்போனவன் பேரு எதுக்கு? என்னைய வளத்தது எங்கம்மா. அது பேர எழுதுங்க, பச்சையம்மா."

கணவர் அல்லது தகப்பனார் பெயர் என்று அச்சடித்த இடத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுதி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார். நாலு மாதத்தில் பட்டா வந்துவிட்டதாக அஞ்சலை யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தாள்.

போகிறவர்களுக்கு: ஆகஸ்டில் வெயில் கடுமை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களைப் பார்க்க வேண்டுமானால் ஆறு மணிக்குக் காட்டுக்குப் போங்கள். பேசுகிறவளைப் பேச விடுங்கள். மெட்ராஸ் திரும்பிய வாரமே எனக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம் ஒன்று நிரப்ப வேண்டியிருந்தது. அதிலும் கணவர் அல்லது தகப்பனார் பெயர் என்ற அதே கட்டம் வந்தது. நாற்பது கேள்வி தமிழாக்கிய நான், ஒரு நொடிகூட யோசிக்காமல் என் கணவர் பெயரை எழுதினேன்.