மயில் கழுத்து வழக்கு

வணிக வழக்குகளை மட்டும் நடத்துவது ஏன் என்று என்னைக் கேட்பவர்களிடம், படித்த கல்லூரியையும் ஜூனியராக இருந்த அலுவலகத்தையும் மரியாதையாகச் சொல்லி முடித்துவிடுவேன். உண்மையில் என் முதல் வழக்கை ஐந்தாம் வகுப்பு விடுமுறையில், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன்.

வழக்காடியவர் மாமா, அம்மாவின் தம்பி. சென்னையில் பெரிய கம்பெனிகளின் வக்கீல். கேட்ட சரக்கு வேறு, வந்த சரக்கு வேறு என்று முதலாளிகள் சண்டை போட்டுக்கொள்ள, அதில் மாமா நன்றாகவே வாழ்ந்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், கொஞ்சம் பொறாமையோடு.

அம்மா வீட்டில் மூன்று தறிகள் வைத்து, கல்யாணப் புடவைகளுக்கு ஆர்டர் எடுத்து நெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி தன் மகளோடு வந்தார். அவளுக்குத்தான் கல்யாணம். அம்மா பெருமையாகப் புடவையை விரித்துக் காட்டினாள். அவர் முகம் சுருங்கியது.

"நான் கேட்டது மயில் கழுத்து கலர்மா. இது வெறும் நீலமா இருக்குதே!"

மூன்று வார உழைப்பு அது. அவர் வேண்டாமென்று போய்விட்டால், அடுத்த ஆர்டருக்குப் பட்டு வாங்க வழியில்லை. ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்தார்.

"ஆர்டர் குடுத்தப்ப மாதிரி நூல் வாங்கிக்கினு போனீங்களே, அது இருக்குதா?"

அம்மாவின் வழக்கம் அது. நீளவாட்டில் ஓடும் பாவுக்கு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடைக்கு ஒரு நிறம். இரண்டு நூலையும் முறுக்கி, பாதியை வாடிக்கையாளரிடம் கொடுத்து, மீதியைத் தானே வைத்துக்கொள்வாள். அவர் சட்டைப் பையிலிருந்து முறுக்கை எடுத்தார். நீலமும் பச்சையும். மாமா புடவையை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் லேசாகச் சாய்த்தார். நீலத்துக்குள்ளிருந்து பச்சை எழும்பி வந்தது. அதன்மேல் முறுக்கை வைத்தார். அச்சு அசலாக அதே நிறம்.

"இதுல நீங்க கேக்காதது எது இருக்குதுன்னு சொல்லுங்க."

பாவம், அந்த மனிதர் நியாயஸ்தர். "தப்பு என்மேலதான் சார். மடிச்சிக் குடுங்க" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. பெரியவளானால் மாமாவைப்போல்தான் ஆவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அம்மா மடித்தாள். பாதி மடிப்பில் அவள் கை நின்றது. அந்தப் பெண் புடவையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்னா கலர்மா புடிக்கும்?"

அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். "கிளிப்பச்சைக்கா. இந்த நூல எனக்கு யாருமே காட்டல."

அம்மா புடவையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். "கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குது. வேற நெய்ஞ்சி தரேன், போய் வாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் செய்துவிட்டாளே! அன்று முழுக்க அம்மாவிடம் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

சாயங்காலம் மாமா ஊருக்குக் கிளம்பும்போது, "அந்த மயில் கழுத்த நான் எடுத்துக்கறேன்கா, வூட்ல அவளுக்கு" என்றார். அம்மா எவ்வளவோ மறுத்தும் முழு விலையைக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். மாமி வெளிர் நிறப் பருத்திப் புடவை தவிர வேறெதுவும் கட்டமாட்டாள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நல்ல புடவையை மாமாவாவது அடையாளம் கண்டுகொண்டாரே என்று எனக்குச் சந்தோஷம்.

பேருந்து நிலையம் வரை பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

"மாமா, நாமதான ஜெயிச்சோம்?"

"ஆமா பாப்பா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டார். பேருந்து வரத் தாமதமாவதால்தான் அவர் முகம் வாடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.