கஃபீல் இல்லாத ஊர்

வெள்ளிக்கிழமை காலையில் மீன் அறுப்பது ஞானையாவின் வேலை. வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்று நின்று கால் வீங்கிப்போகும் இன்பமணி அந்த ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. குவைத்தின் ஃபஹாஹீல் சந்தையில் கேட்டால் அங்கேயே அறுத்துக் கழுவித் தந்துவிடுவார்கள். கடற்கரையில் பிறந்துவிட்டு மீனை அடுத்தவன் கையில் கொடுத்து அறுப்பதா என்று முழுசாகவே வீட்டுக்குத் தூக்கி வருவார். பிறகு அடுப்படிச் சுவரெல்லாம் செதில் தெறிக்கும். அதைத் துடைப்பது இன்பமணி. ஆக மொத்தத்தில் அவளுக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு கிடைத்ததே இல்லை.

அன்று வாவல் மீன். குடலை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. போலந்திலிருந்து மகன் ஜெனின். ஞானையாவின் கையெல்லாம் மீன். இன்பமணிதான் வந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, பாஸ் வந்தாரு. திங்கக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணுமாம். இந்தியாவுக்கு டிக்கெட் எடுத்துத் தர்றாராம். வேண்டாம்னா ரூமைக் காலி பண்ணிட்டு நானே பாத்துக்கணுமாம்."

"என்னத்துக்கு மக்கா திங்கக்கிழம? எலெக்ஷன் முடியட்டும், பாப்போம்னுதான சொன்னாரு?"

"முடிஞ்சிருச்சுப்பா. அவங்கதான் ஜெயிச்சிருக்காங்க."

அவங்க என்றால் யார் என்று ஞானையா கேட்கவில்லை. இரண்டு மாதமாக அந்த வீட்டில் 'அவங்க' என்றால் ஒரே அர்த்தம்தான். போலந்தில், எங்கள் நாடு எங்களுக்கே என்று கொடி பிடித்து வருகிறவர்கள்.

ஜெனின் பிறந்தது குவைத்தில். படித்தது, வண்டி ஓட்டப் பழகியது, முதல் சம்பளம் வாங்கியது எல்லாம் இங்கேதான். ஊர் என்று அவன் பாஸ்போர்ட்டில் குளச்சல் பக்கத்து விலாசம் ஒன்று இருக்கிறது. அங்கே விடுமுறைக்குப் போனால் மூன்றாம் நாளே எப்போது திரும்புவோம் என்று கேட்கிற பிள்ளை. வயது இருபத்தொன்றைத் தாண்டியதும் அப்பாவின் விசாவில் இருக்க முடியாது என்று ஒரு டெலிவரி கம்பெனி விசாவில் சேர்ந்தான். அப்போதுதான் ஒரு ஏஜென்ட் போலந்தைப் பற்றிச் சொன்னார். லாரி ஓட்ட ஆள் இல்லை, ஒரே விசா, இருபத்தேழு நாடு, நடுவில் கதவே கிடையாது, ஐந்து வருஷம் இருந்தால் நிரந்தரமாகத் தங்கலாம். கதவு இல்லாத வீடு என்று கேட்டபோது மூன்று பேருக்கும் பிடித்துத்தான் போயிற்று. இங்கே விசாவை முடித்துக்கொண்டு போனான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பனியில் நிற்கிற லாரியின் படம் அனுப்புவான். பிறகு ஒவ்வொரு நாடாக எல்லையில் போலீஸை நிறுத்த ஆரம்பித்தது. ஜெர்மனிக்காரர்கள் நிறுத்தினார்கள் என்று போலந்துக்காரர்கள் நிறுத்தினார்கள். போலீஸ் போதாது என்று ஊர்க்காரர்களே ஆரஞ்சு சட்டை மாட்டிக்கொண்டு எல்லைப் பாலத்தில் நின்றார்கள். சமையலறை அலமாரி ஏற்றிக்கொண்டு திரும்பிய ஜெனினின் லாரியை அவர்கள்தான் மறித்தார்கள். காகிதங்களைக் காட்டினான். காகிதம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. முகத்தையும் லாரியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரையும் படம் எடுத்து, இதோ இன்னொருவனை இறக்குமதி செய்கிறார்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்ற போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கம்பெனி முதலாளி கெட்டவர் இல்லை. அலுவலகத்துக்கு மிரட்டல் வரவும் பயந்துவிட்டார். ஜெனினை எல்லைப் பக்கம் அனுப்பாமல் யார்டில் வண்டி கழுவ வைத்தார். இப்போது சரக்கே பாதியாகக் குறைந்துவிட்டது. வண்டி கழுவவும் ஆள் வேண்டியதில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த நாளில் ஞானையா கேட்ட முதல் கேள்வி: "ஒன் கஃபீல் யாரு மக்கா? அவரு நம்பரைக் குடு. நான் பேசுதேன்."

ஜெனின் சிரித்தான். "இங்க கஃபீல்லாம் இல்லப்பா."

"பொறுப்புன்னு ஒரு ஆளு இருப்பாருல்ல?"

"யாரும் இல்லப்பா. நான்தான்."

ஞானையாவால் அதை நம்பவே முடியவில்லை. முப்பது வருஷமாக அவருடைய பாஸ்போர்ட்டுக்கும் சம்பளத்துக்கும் லீவுக்கும் கஃபீல் என்று ஒரு மனிதர் பொறுப்பாக இருந்திருக்கிறார். அதில் கசப்பும் உண்டு. மாமனார் இறந்தபோது லீவு கிடைக்காமல் வளைகுடாத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். ஆனால் ஜெனின் பள்ளிக்கூடக் காலத்தில் நண்பனின் காரில் போய் ஒரு விபத்தில் மாட்டி போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது, அன்றைய கஃபீல் ஒரே ஒரு போன் போட்டார். கலாஸ், முடிந்தது என்றார். பையன் வெளியே வந்துவிட்டான். அப்படி ஒரு போன் எடுக்க ஆள் இல்லாத ஊரில் மனிதர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கவில்லை.

மீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டு, சாயங்காலம் ஈசாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். ஈசா, அந்தப் பழைய கஃபீலின் மகன். ஞானையா மெக்கானிக்காக இருக்கும் ஏசி கம்பெனியை அப்பாவுக்குப் பிறகு அவர்தான் பார்க்கிறார். கம்பெனியில் ஒரு விசா எடுத்துக் கொடுத்தால் போதும். ஜெனின் இங்கேயே வந்துவிடலாம்.

"சுத்தி வளைக்காதீங்க. நேரா கேளுங்க," என்றாள் இன்பமணி. "போன தடவ சம்பளம் கூட்டிக் கேக்கப் போயி, அவரு வீட்டு ஃப்ரிட்ஜ சரி பண்ணிக் குடுத்துட்டு வந்தியள்லா, அந்த மாதிரி வந்து நிக்காதீங்க."

அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். ஈசாவின் வீட்டு முன்பக்கம், ஆண்கள் கூடி உட்காரும் திவானியா. அங்கே டீ ஊற்றிக் கொடுக்கும் கார்மேகம் பரமக்குடிப் பக்கத்து ஆள். வாசலிலேயே மேலும் கீழும் பார்த்தான்.

"என்னண்ணே, டூல் பெட்டி இல்லாம வந்திருக்கீக? பொண்ணு பாக்கவா?"

"ஒரு காரியமாப் பேசணும். யாரு இருக்கா?"

"சொந்தக்காரக எல்லாம் இருக்காக. ஐரோப்பாவப் பங்கு போட்டுக்கிட்டு இருக்காகண்ணே. எந்தத் துண்டு யாருக்குன்னு இன்னும் முடிவாகல. போங்க, ஒங்களுக்கும் ஒண்ணு கேட்டு வாங்கிக்கங்க."

உள்ளே பெரிய திரையில் ஏதோ ஒரு சதுக்கம், கொடிகள், கத்துகிற கூட்டம். திண்டில் சாய்ந்திருந்தவர்கள் பந்தாட்டம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பத்து வருஷம் தாங்காது என்றார் ஒருவர். நேட்டோவிலிருந்து அமெரிக்கா கையை எடுத்தால் அந்த வாரமே ஒவ்வொருவனும் தனித்தனியாக ஓடுவான் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், யார் வந்தாலும் நம் எண்ணெய் வேண்டும்தானே என்று சிரித்தார். ஞானையாவுக்குக் கத்தாரின் ஞாபகம் வந்தது. அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்ட நாடுகள் ஒரு காலையில் கத்தாருக்கு விமானத்தை நிறுத்தின. இன்பமணியின் தங்கை ரினி அப்போது தோஹாவில், அவள் புருஷன் துபாயில். பக்கத்து வீடு மாதிரி இருந்த தூரத்துக்கு மஸ்கட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இங்கே உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் அது தெரியும். அதை யாரும் பேசவில்லை.

ஈசா அவரைப் பார்த்ததும் ஏசியில் ஏதும் பழுதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, தன் பாதி அரபியில் ஞானையா விஷயத்தைச் சொன்னார். பாலம், படம், திங்கட்கிழமை. ஈசா குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல மனிதர்தான். போனை எடுத்து யாரையோ கூப்பிடப் போகிறார் என்று ஞானையா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈசா போனை எடுக்கவில்லை. தன் கதையைச் சொன்னார்.

ஆஸ்திரியாவில் ஒரு ஏரிக்கரை ஊரில் அவருக்கு ஃபிளாட் இருக்கிறது. வருஷா வருஷம் கோடையில் குடும்பத்தோடு போவார்கள். கடைசியாகப் போனபோது பூங்காவில் ஒரு கிழவர் அவர் மனைவியின் முகத்திரையைக் காட்டி, பிள்ளைகள் எதிரில் கத்தியிருக்கிறார். ஈசா போலீஸைக் கூப்பிட்டார். வந்த போலீஸ், பொது இடத்தில் முகத்தை மூடக்கூடாது என்பதுதான் இங்கே சட்டம் என்று மனைவியைத் திரையை எடுக்கச் சொல்லிவிட்டு, கிழவரை வீட்டுக்குப் போகச் சொன்னது. "நான் அங்கே வரி கட்டுகிறேன், ஞானையா," என்றார் ஈசா, மெதுவாக. "யாரைக் கூப்பிடுவது என்று எனக்கே தெரியவில்லை." பிறகு அவர்கள் அந்த ஊருக்குப் போகவில்லை. ஃபிளாட்டையும் வாங்க ஆளில்லை.

ஞானையா தலையசைத்தார். ஒரு போனில் உலகத்தைத் திருப்புகிற மனிதரும் அங்கே போனால் பூங்காவில் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்கிறார். இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இன்பமணி நேராகக் கேட்கச் சொல்லியிருந்தாள்.

"பாபா, கம்பெனியில் பையனுக்கு ஒரு விசா," என்றார்.

ஈசா பதில் சொல்லுமுன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்காள் மகன் பேசினான். வெளிநாட்டில் படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவன். இங்கிலீஷில், மரியாதையாகத்தான் சொன்னான். உங்களைப் பற்றி இல்லை அங்கிள், நீங்கள் எங்கள் வீட்டு ஆள் மாதிரி. ஆனால் எந்த நாடும் முதலில் தன் ஆட்களைத்தானே பார்க்க வேண்டும்? என்னோடு படித்தவர்கள் எல்லாம் சும்மா இருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் கத்துவதுதான் தப்பு, கேட்பது தப்பில்லை.

அவன் சொன்னதில் பொய் என்று சுட்டிக்காட்ட ஞானையாவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பையனும் வேலையில்லாமல்தான் இருக்கிறான். அவன் அம்மாவும் எங்கேயாவது யாரிடமாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். திரையில் கூட்டம் மறுபடி கத்தியது. கார்மேகம் டீயை எல்லார் முன்னாலும் வைத்துக்கொண்டே வந்தான், அவர் முன்னாலும் வைத்தான், அவர் முகத்தைப் பார்க்காமல் போனான்.

ஈசா கையிலிருந்த மணிமாலையை உருட்டினார். பிறகு, இன்ஷா அல்லா என்றார். பார்க்கலாம், இப்போது புது விசாவெல்லாம் கெடுபிடியாக இருக்கிறது, இன்ஷா அல்லா. முப்பது வருஷத்தில் அந்தச் சொல்லை ஞானையா எத்தனையோ முகங்களில் கேட்டிருக்கிறார். நடக்கும் என்று சொல்கிற முகம் வேறு. இது, மனசு நோகாமல் எழுந்து போ என்கிற முகம்.

அவர் எழுந்தபோது ஈசா, பின்னறை ஏசியில் லேசாகச் சத்தம் கேட்கிறது, வந்ததுதான் வந்தீர்கள் என்றார். கார்மேகம் எங்கிருந்தோ ஒரு ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்தான். விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். முடுக்கினார். சத்தம் நின்றுவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம் கை தன் வேலையைப் பார்த்தது. அவருக்கும் சற்று மூச்சு வந்தது.

அவர் வீட்டுக்குள் நுழையும்போதே இன்பமணி சாப்பாட்டு மேசையில் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் ஜெனின். அவன் பின்னால் இரண்டடுக்குக் கட்டில், திறந்து கிடந்த கதவு. அவளுடைய கண் ஞானையாவின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த தூசிக்குப் போயிற்று. ஏசித் தூசி. எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்பா, அங்கிள் என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டியா மக்கா?"

"சாப்பிட்டேன். என்ன சொன்னாரு?"

பார்க்கலாம்னு சொல்லியிருக்காரு என்றார் ஞானையா. அவன் ஓகே என்றான். குரலில் வருத்தம்கூட இல்லை. எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறான்.

"அங்கயே கொஞ்ச நாளு சமாளிச்சுப் பாரு மக்கா. யாரு மொகத்தையும் பாக்காம, தலையக் குனிஞ்சு இரு. நாங்க இஞ்ச அப்படித்தான இருந்தோம்."

"நான் குனிஞ்சுதான்பா இருந்தேன். அந்த ஃபோட்டோல பாருங்க, கீழதான் பாத்துட்டு இருப்பேன்."

தங்கச்சி ரினி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாமே, குளச்சல் வீட்டில் குடியிருப்பவர்களைக் காலி பண்ணச் சொல்லலாமே என்று இன்பமணி ஏதோ ஆரம்பித்தாள். ஆரம்பித்த எதையும் முடிக்கவில்லை. குளச்சலில் அவன் என்ன வேலை செய்வான், அங்கே அவனுக்கு யாரைத் தெரியும்?

"அம்மா, டிக்கெட்டுக்கு எந்த ஏர்போர்ட்னு கேக்குறாரு," என்றான் ஜெனின். "நான் எங்க வரணும்? அத மட்டும் சொல்லுங்க."

இன்பமணி ஞானையாவைப் பார்த்தாள். ஞானையா மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அங்கே வெளியே யார்டில் யாரோ அவன் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டார்கள். ஜெனின் திரும்பிப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். பிறகு எழுந்து, கொக்கியில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, போனை நிறுத்தாமல் அங்கேயே விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போனான்.