கன்டோன்மென்ட் வரைக்கும்

தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் கே.ஜி.எஃப்.பில் பத்தாவது முடித்த பிள்ளைகள் இரண்டு ரகம். உள்ளூர்க் காலேஜில் பி.யூ.சி. என்கிற பிளஸ் டூ சேர்ந்தால், பிள்ளை படிக்கிறது என்பார்கள். பெங்களூரில் சேர்ந்துவிட்டால் பாதி டாக்டர் ஆகிவிட்டதாகவே வைத்துக்கொள்வார்கள். எனக்குப் பெங்களூர்க் காலேஜ் ஒன்றில் சயின்ஸ் கிடைத்த செய்தி பரவியதும் சர்ச்சில் என் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று என்னிடம் கேட்டார். நான் அப்போது இயற்பியல் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

காலேஜுக்குத் தினமும் ரயிலில் போய் வருவது என்று முடிவானது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட், அதனால் என்னை அத்தையிடம் ஒப்படைத்தார்கள். அப்பாவின் தங்கை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் வேலை, பல வருஷமாக அதே ரயில், அதே பெண்கள் பெட்டி. ரயில் புறப்படும் மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள் துப்பட்டா போட்டு இடம் பிடித்து வைப்பார்கள். எங்கள் ஸ்டேஷனான கோரமண்டலில் அத்தை ஏறுவாள்.

முதல் நாள் நாங்கள் ஏறியபோது அந்தப் பெட்டியே சந்தை மாதிரி இருந்தது. ஒருத்தி இன்னொருத்திக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி இட்லியைச் சட்னியில் தோய்த்துச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கார்மென்ட்ஸில் வேலை செய்யும் அக்கா ஒருத்தி, தன் மாமியார் புது மிக்ஸியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த கதையை மாமியாரின் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்தாவது வரை டியூஷனும் வீடுமாக இருந்தவளுக்கு, பெரிய பெண்கள் இப்படியெல்லாம் பேசுவார்கள் என்பதே புதுசு. இனி தினமும் இவர்களோடுதான் என்று நினைத்ததும், காலேஜைப் பற்றி இருந்த பயம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

அத்தை என்னை அறிமுகம் செய்தாள். அண்ணன் பெண், பெங்களூரில் பி.யூ.சி. சயின்ஸ். அவ்வளவுதான் சொன்னாள். மிக்ஸிக் கதை பாதியில் நின்றது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சரக்கா ஜன்னலோரத்திலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"புள்ள படிக்கணும். கம்முனு இருங்க."

அன்றிலிருந்து கம்மென்று இருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். நான் ஏறியதும் பேச்சு நிற்கும். போன் அடித்தால் கதவுப் பக்கம் போய்ப் பேசுவார்கள். கடலைக்காரன் கூவிக்கொண்டு வந்தால் டீச்சரக்கா உதட்டில் விரல் வைப்பார், அவனும் பூனை மாதிரி நடந்து போவான். பங்காருப்பேட்டையில் ஏறும் புதியவர்களுக்குக் கன்னடத்தில் காதோடு சொல்லப்படும், அவர்களும் என்னை மரியாதையாகப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு இட்லி வரும், பிளாஸ்கிலிருந்து காப்பி வரும். பேச்சு மட்டும் வராது. நான் நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

நான் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது ஏதாவது பேசமாட்டார்களா என்று காது மட்டும் அலையும். ஒருநாள் துணிந்து டீச்சரக்காவிடம் புடவை நன்றாக இருக்கிறது என்றேன். படிம்மா படி என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில்தான். நான் அங்கே இறங்குவேன், அவர்களுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. நான் பிளாட்பாரத்தில் நாலடி வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் பெட்டி வெடிக்கும். ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுவார்கள், சிரிப்பு, கைதட்டல். ரயில் நகர்ந்து என்னைத் தாண்டிப் போகும்போது உள்ளே அத்தை வாய்விட்டுச் சிரிப்பது தெரியும். வீட்டில் அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லையென்றாலும், சனியன் இறங்கிவிட்டது என்ற நிம்மதியாவது இருக்கும் என்று தோன்றியது.

காலேஜிலும் நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எங்கள் பள்ளியில் முதலாவதாக வந்தவள் நான். இங்கே ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு பள்ளியில் முதலாவதாக வந்தவள். லெக்சரர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பதில் தெரிந்தாலும் இங்கிலீஷில் வாக்கியம் கட்டுவதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும். கே.ஜி.எஃப். என்றதும், உங்கள் வீட்டுக் கொல்லையைத் தோண்டினால் தங்கம் வருமா என்று கேட்பார்கள். முதல் இயற்பியல் தேர்வில் ஃபெயில். வாழ்க்கையில் அதுவரை நான் ஃபெயில் ஆனதே இல்லை.

மறுநாள் ரயிலில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அக்காக்களில் யாராவது ஒருத்தி, இன்னாடி ஆச்சு என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர்கள் பேசிப் பேசி அதை ஒன்றுமில்லாமல் ஆக்கியிருப்பார்கள். நானே மெல்ல, "அத்தே" என்று ஆரம்பித்தேன்.

"சாயந்திரம் பேசிக்கலாம் கண்ணு. இப்ப படி."

சாயங்காலம் அத்தை என்னைவிடப் பிந்திய ரயிலில் வருவாள். வந்ததும் அடுப்படிக்குள் போனால் பிறகு ஆளையே பிடிக்க முடியாது. அன்றும் பேசவில்லை.

அந்த வாரமே காலேஜ் ஹாஸ்டலில் ஒரு இடம் காலியானது. எனக்கு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். போய்வரும் நேரம் வீணாகிறது, அங்கே இருந்தால் நன்றாகப் படிக்கலாம் என்று சொன்னேன். இந்த மாதிரிக் காரணத்தை எங்கள் வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். அம்மா மட்டும் அழுதாள். அத்தை, நல்லதுதான் என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

துணிப்பெட்டியோடு நான் ஏறிய கடைசி நாளிலாவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அன்று எனக்கு வேதியியல் தேர்வு என்று அத்தை சொல்லிவைத்துவிட்டாள் போலிருக்கிறது. வழக்கத்தைவிட அதிக அமைதி. கன்டோன்மென்டில் கார்மென்ட்ஸ் அக்கா என் பெட்டியை இறக்கிக் கொடுத்தாள். டீச்சரக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டார். நான் நடந்தேன், சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே நடந்தேன். அன்று மட்டும் அது வரவில்லை. ரயில் சும்மா போனது. எனக்கு இருந்த கோபத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் டாக்டர் ஆகவில்லை. பெங்களூரிலேயே ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அமெரிக்காவில் விடியும்போது எனக்கு வேலை தொடங்கும். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோதும் வேலையை விட முடியவில்லை. எங்கள் வீடு நிறைய விருந்தாளிகள், அதனால் ராத்திரி வேலையை முடித்துவிட்டு அத்தை வீட்டில் போய்ப் படுத்தேன். விழித்தபோது உச்சிப்பொழுது. வீட்டில் ஒரு சத்தமில்லை. எல்லோரும் வெளியே போயிருப்பார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். கூடம் நிறையப் பெண்கள். அத்தை, அவள் மருமகள், அக்கம்பக்கத்தார் என்று வட்டமாக உட்கார்ந்து அச்சு முறுக்குக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள். கையாலும் கண்ணாலும்தான் பேச்சு நடந்தது.

எதற்கு இப்படி என்று கேட்டேன். அத்தைக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"எங்கப்பா மைன்ல நைட் ஷிப்ட் முடிச்சி வந்து தூங்குனா, லைன்ல பத்து வூடும் வாயத் தொறக்காது. பாத்திரத்தக்கூட பைப்பாண்ட தூக்கினு போய்தான் கழுவுவோம். உனுக்கு ட்ரெயின்ல அதத்தான பண்ணோம்? அதுல ஏறுனாதான் எங்களுக்குப் பேச்சே. வூட்ல யாரு கேக்கறாங்க?"

சுரங்கம் மூடிய பிறகு வளர்ந்தவள் நான். ஒருத்தர் மேலே உள்ள அக்கறையைச் சத்தம் போடாமல் காட்டும் அந்தப் பழக்கம் எனக்குத் தெரியாது. அந்தப் பெண்களுக்கு ஒரு நாளில் பேச வாய்த்தது அந்த ரயில் நேரம் ஒன்றுதான். அதை எனக்குக் கொடுத்துவிட்டு, நான் இறங்கிய பிறகு மிச்சமிருந்த தூரத்துக்குள் தங்கள் பேச்சையெல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பதினாறு வயதில் இது எனக்குப் புரியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சு மட்டும்தான் என்பது அவர்களுக்கும் இன்றுவரை தெரியாது.