கேத்தல் சின்னமும் பதினொரு வாசலும்

மகளின் பள்ளிக்கூட வேலைக்காக நேற்று கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டிருக்கும்போது அந்த வெந்த மா வாசம் மூக்கில் ஏறியது. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நான் பிரதேச சபைத் தேர்தலில் நின்ற கதையை உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? எங்கள் குசினியில் வாளி வாளியாகப் பசை காய்ச்சி, தேயிலைத் தோட்டத்துச் சுவர் பூராவும் என் முகத்தை ஒட்டிய காலம் அது. மழை பெய்தால் பாதி முகம்தான் மிஞ்சும்.

சிரிக்காதீர்கள், நானும் வேட்பாளர்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி டீச்சராக இருந்தேன். பெண்களுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. சுயேச்சைக் குழுவொன்று பெண் வேட்பாளர் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் என்னிடம் வந்தது.

"டீச்சர், நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும். மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

"போட்டா ஜெயிக்கத்தான் போடுவேன்" என்றேன். அந்த வாய் எங்கிருந்து வந்ததோ, இன்றைக்கும் தெரியவில்லை.

ஆனால் காரணம் இருந்தது. என் முன்பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஓடையைத் தாண்டித்தான் வரவேண்டும். அதன் மேல் கிடந்தது மூன்று பலகை. மழை நாட்களில் ஒவ்வொரு பிள்ளையாக இடுப்பில் வைத்துக் கடத்துவேன். சபையில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்தால் அங்கே ஒரு பாலம் போடவைக்கலாம். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பாலம்தான்.

குழுவுக்குக் கிடைத்த சின்னம் கேத்தல். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வாளு, வில்லுன்னு குடுக்காம தேத்தண்ணி கேத்தலையா குடுத்தாங்க?" ஆனால் கேத்தல் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? லயத்து முற்றத்தில் எங்கள் தலை தெரிந்ததுமே, பெண்கள் கரி பிடித்த கேத்தலை அடுப்பிலிருந்து தூக்கிவந்து ஆட்டிக் காட்டுவார்கள். எனக்குப் புல்லரித்துப்போகும். ராத்திரி படுத்தாலும் தூக்கம் வராது. உதடு தானாகப் பேச்சுப் பேசும்.

காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்து, பெண்கள் கூடையை மாட்டும் நேரத்தில் எனக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். முதல் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான்காம் நாள், "போதும் டீச்சர், கொழுந்து முத்திப்போகும்" என்று கணக்கப்பிள்ளையே வந்து நிறுத்தும்படி ஆனது.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, வெற்றிலைத் தட்டோடு வாசலுக்குப் போய்ச் சொல்லவேண்டும். வோட்டுக் கேட்பதும் அப்படித்தான். தட்டில் வெற்றிலை, பாக்கு, பக்கத்தில் என் நோட்டீஸ். கேட்டுவிட்டு அங்கே தேத்தண்ணி குடிக்காமல் எழுந்தால் அந்த வீட்டு வோட்டு போச்சு. ஒரு நாள் இருபது கோப்பையோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். பாதிப் பேச்சில் தேயிலைக்குள் மறைவிடம் தேடி ஓடிய வேட்பாளர் இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேல் டிவிசன், கீழ் டிவிசன், கோயில் லயம் என்று எதையும் விடவில்லை.

வோட்டுகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே எண்ணினார்கள். எட்டு வோட்டில் தோற்றேன்.

மறுநாள் காலை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது, பக்கத்துக் காம்பரா வீட்டுத் தெய்வானை அக்கா முகம் கொடுக்கவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன்.

"எட்டே எட்டு வோட்டு, அக்கா."

"நம்ம லயத்துல முக்காவாசிப் பேரு போடவே போகல புள்ள. நானுந்தான் போகல."

குடத்தைக் கீழே வைத்தேன். "ஏங்க்கா?"

"ஊரு பூரா தட்டத் தூக்கிட்டுப் போன. நம்ம லயத்துல ஒரு வாசப்படி மிதிச்சியா?"

"நம்ம லயந்தானேன்னு இருந்துட்டேங்க்கா. ஒங்ககிட்ட நான் கேக்கணுமா?"

"எம் மக கல்யாணத்துக்கு ஒனக்கு வெத்தல வச்சுத்தான கூப்புட்டேன்? நீயும் அடுத்த காம்பராதான. கூப்புடாத வீட்டுக்கு எப்புடி வர்றது, சொல்லு."

முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்தபோது வெட்கம் வந்தது. பன்னிரண்டு காம்பரா லயம் அது. எங்களுடையது போக மிச்சம் பதினொன்று. என் கல்யாணத்துக்கு அத்தனை வாசலிலும் வெற்றிலை வைத்த குடும்பம் என்னுடையது. அன்று சாயந்தரமே தட்டை எடுத்துக்கொண்டு பதினொரு வாசலுக்கும் போனேன். தோற்ற பிறகு வோட்டுக் கேட்ட வேட்பாளரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினொரு கோப்பை தேத்தண்ணி. "அடுத்த தடவ மொத வோட்டு என்னோடது" என்றாள் தெய்வானை அக்கா. தோற்றவள் போலவா வீடு திரும்பினேன்? அடுத்த தேர்தல் நாளைக்கே வைத்தாலும் சரி என்ற துடிப்பு எனக்கு.

அடுத்த தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது. அதற்குள் லயத்துக்குப் பின்மேட்டில் வெடிப்புக் கண்டது. மண் சரியும் என்று எங்களை அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். சிலருக்குத் தெமோதரைப் பக்கம் தனி வீடு, சிலர் கொழும்புக் கடைகளுக்கு, தெய்வானை அக்கா மகளோடு லுணுகலைக்கு. எங்களுக்குப் பதுளை டவுனில் வாடகை வீடு. தகரத்தையும் மரத்தையும் கழற்றிக்கொண்டு போனபின் லயம் இருந்த இடத்தில் புல் மண்டிவிட்டது. பாலம் வேறு யாரோ புண்ணியத்தில் வந்தது, கொங்கிரீட்டில், கைப்பிடியோடு. அதைத் தாண்டி வரத்தான் இப்போது பிள்ளைகள் இல்லை.

தேர்தல் வந்தபோது குழுக்காரர்கள் மறுபடி கேட்டார்கள். "பழைய தோட்டத்துக்கே நில்லுங்க டீச்சர். ஒங்க பேரு இன்னும் அங்கத்த வோட்டு லிஸ்ட்டுலதான் இருக்கு, ஒங்களத்தான் அங்க தெரியும்." எனக்கு மறுபடி புல்லரித்தது. உடனே தெய்வானை அக்காவுக்குப் போன் எடுத்தேன். இந்தத் தடவை முறையாகக் கேட்டேன்.

"அக்கா, நான் நிக்கலாம்னு இருக்கேன். எனக்கு ஒரு வோட்டு போடணும்."

"ஒனக்கில்லாமயா" என்றாள். "ஆனா எம் பேரு இப்ப லுணுகலை லிஸ்ட்டுல இருக்கு புள்ள. நான் எங்கன்னு வந்து ஒனக்குப் போடுவேன்?"

மற்றப் பத்து வாசல்காரர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒருத்தர் பெயர்கூட அந்தத் தோட்டத்து லிஸ்ட்டில் இல்லை. அந்தப் பதினொரு வாசலும் இல்லாத தேர்தலுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று குழுக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினேன்.