கண்வலிக் கிழங்கின் படம்

என் அத்தை நம்பிய ஒரே ஆள் ஒரு டச்சுக்காரி. அவளும் எப்போதோ செத்துப்போனவள். ஜாவா என்கிற தூர தேசத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அங்கிருந்த பூவையும் பழத்தையும் படமாக எழுதித் தன் பிள்ளைகளைக் காப்பாற்றினாளாம். மைசூரில் எங்கள் தெருவில் குடியிருந்தார் ஒரு வாத்தியார், கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்துபவர். அவள் படங்கள் அடங்கிய புத்தகத்தைக் கொடுத்து அவர்தான் இதைச் சொன்னார்.

அத்தை ஹனூர்ப்பக்கம் வாழப்போய், தாலியறுத்து எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். "எழுதியே பொழைச்சிருக்கறா பாரு கண்ணு" என்பாள் என்னிடம். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் எங்கள் வம்சத்தில் ஒருத்தி கையில் பூ உயிரோடு வந்து உட்காரும் என்பதை இன்றைக்கும் தலைநிமிர்ந்து சொல்வேன்.

செங்காந்தளை எழுதித் தரச் சொன்னார் வாத்தியார். நன்றாக வந்தால் கல்லூரியில் படம் எழுதும் வேலைக்குச் சிபாரிசு செய்வாராம். அத்தை ஒரு வேலியோரத்தில் தேடிப் பிடித்து வேரோடு தோண்டி வந்தாள். பூ முடிந்தது, கொடி முடிந்தது. மிச்சமிருந்த கிழங்கு சுருங்காமலிருக்க ஈரத்துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்தாள்.

பாயைச் சுருட்ட வந்த அம்மா துணியைப் பிரித்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் அந்தக் கிழங்கைத் தெரியாதவர் இல்லை. வாழ வழி தெரியாத பெண்கள் அரைத்துக் குடிப்பது அது.

"ஏனுங்க, இங்க வாங்க! கண்வலிக் கிழங்குங்க!"

"படத்துக்குங்கண்ணா" என்றாள் அத்தை. "பூவ மட்டும் எழுதுனாப் பாதிச் செடிதானுங்க. அடியும் வேணும்."

"எவ சொல்லிட்டுச் செத்திருக்கறா?" என்றார் அப்பா.

கிழங்கு சாக்கடைக்குப் போனது, படம் அடுப்புக்கு. வாத்தியார் வாசலில் நின்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வெசத்தக் கொண்டாரச் சொன்னது நீங்கதானுங்களா?" என்று அம்மா கேட்டதும் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கொள்ளேகாலில் பெரியப்பா வீடு. அங்கே ஆள் அதிகம், ஒருவர் மாற்றி ஒருவர் கண் வைத்திருக்கலாம் என்று முடிவானது. அத்தை அங்கேயே இருந்து கிழவியானாள். பென்சிலைத் தொடவே இல்லை.

அனுப்பிவைத்த நாளில், பஸ் ஸ்டாண்டில், பஸ் எப்போது கிளம்பும் என்று விசாரிக்கப் போகுமுன் அப்பா என்னிடம் சொன்னார்: "அத்தை கையப் புடிச்சுக்கோ. விட்டறாத."

வலது கை. நகக்கண்ணில் பச்சைச் சாயம் இன்னும் போகவில்லை.

"வலிக்குது கண்ணு, கொஞ்சம் விடு."

இத்தனை கூட்டத்தில் அத்தை தொலைந்துபோய்விடுவாள் என்றுதான் அப்பா பயப்படுகிறார் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.