சிலோன் வாத்தியார் வாசித்த தந்தி

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 1938, பங்குனி மாதம், சனிக்கிழமை, மதியம் மணி 12.10.

நான் யாழ்ப்பாணத்தான். கப்பல் ஏறி, ரயில் மாறி வந்து, புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோருக்கும் நான் ‘சிலோன் வாத்தியார்’. சொந்தபந்தம் என்று ஒருவரும் கிடையாது. வாரக் கடைசியில் அறைக்குள் உட்கார்ந்தால் வீட்டு நினைப்பு வந்துவிடும். அதனால் சனிக்கிழமை விடிந்ததும் எங்கேயாவது கிளம்பிவிடுவேன்.

முதல் பயணம் பஸ்ஸில் விராலிமலைக்கு. மலையடிவாரத்தில் ஒருவர், பினாங்கிலிருந்து வந்த இங்கிலீஷ் காகிதத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மோர் கொடுத்தார்கள், வறுத்த கடலை கொடுத்தார்கள், கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், வாசிக்க ஏதாவது இருக்கிறதா என்று நானே கேட்க ஆரம்பித்தேன். தற்பெருமைதான், வேறென்ன.

அந்தச் சனிக்கிழமை வாடகை சைக்கிளில் வல்லத்திராக்கோட்டையைத் தாண்டிப் போனேன். ஒரு கண்மாய்க்கரையில் செயின் கழன்றுவிட்டது. கண்மாய் வறண்டு, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. குனிந்து செயினை மாட்டிக்கொண்டிருந்தேன்.

சொட்... சொட்...

தண்ணீர் சொட்டும் சத்தம். நிமிர்ந்தேன்.

ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். சேலை தெப்பலாக நனைந்திருந்தது. கையில் மடித்த காகிதம்.

“தந்தி வந்துருக்குங்க. அவுக செத்துப் போனாகளா?”

பாவமாக இருந்தது. அந்தக் காலத்தில் தந்தி என்றாலே சாவுதான். பிரிக்கும் முன்பே ஒப்பாரி வைத்துவிடுவார்கள். கை நீட்டி வாங்கினேன். பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி குளிர்ந்தது. காகிதம் முழுக்க ஈரம். ஆனால் ஓர் எழுத்துக்கூடக் கலையவில்லை.

வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பினாங்கிலிருந்து ஆண்டியப்பன் என்பவர் அடித்த தந்தி. இன்று கப்பல் ஏறுகிறேன், வரும் புதன்கிழமை வீடு வந்து சேருவேன்... அவ்வளவுதான் விஷயம்.

“அவர் சாகேல்லை. புதன்கிழமை வீட்டுக்கு வாறார்” என்றேன்.

அவள் சந்தோஷப்படவில்லை.

“திரும்ப வாசிங்க.”

வாசித்தேன்.

“இன்னொருக்கா.”

வாசித்தேன். அப்போதுதான் கவனித்தேன். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் காலடி மண் காய்ந்தே கிடந்தது.

சொட்... சொட்...

தந்தியின் தேதியைப் பார்த்தேன்.

1935, அக்டோபர்.

அவள் கண்மாய்ப் பக்கம் திரும்பினாள்.

“அப்ப நான் எதுக்குங்க...”

சத்தம் நின்றது.

மறுபடி பார்த்தேன். யாரும் இல்லை. தந்தியும் இல்லை. என் கை மட்டும் நனைந்திருந்தது. மணி 12.17.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். ஊர் முகப்பில் அடைக்கலம் என்பவரின் காப்பிக் கடை. என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாம் சொன்னார்.

அவள் பெயர் சொர்ணவல்லி. இரண்டரை வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் கண்மாய் ததும்பி நின்ற சமயத்தில் வந்த தந்தி அது. ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தந்தியைக் கண்டதுமே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்கள். அவள் தந்தியைப் பிடித்தபடியே ஓடிப்போய்க் கண்மாயில் விழுந்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை ஆண்டியப்பன் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினான்.

அதிலிருந்து, உச்சிப் பொழுதில் தனியாகக் கரையில் போகிறவர்களிடம் அவள் தந்தியை நீட்டுவாளாம். யாரும் வாங்கமாட்டார்களாம். “ஆமாத்தா, செத்துட்டாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு நடப்பார்களாம். அதைக் கேட்டதும் பேசாமல் கண்மாய்க்குள் இறங்கிவிடுவாளாம். ஆண்டியப்பன் மறுகல்யாணம் செய்துகொண்டு, கைக்குழந்தையோடு அதே ஊரில்தான் இருந்தான். அந்தப் பொய்தான் அவனைக் காப்பாற்றி வந்தது என்பது ஊராரின் நம்பிக்கை.

“நீங்க என்னங்க சொன்னீங்க?”

சொன்னேன்.

அடைக்கலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“கிழமையும் சொன்னீங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்டியப்பன் வீட்டைப் பார்த்து ஓடினார். நான் வந்த வழியில் போகப் பயந்து, ஏழு மைல் சுற்றிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். மூன்று நாள் காய்ச்சல்.

வியாழக்கிழமை மாலை 4.30. பள்ளிக்கூட வாசலில் அடைக்கலம் நின்றிருந்தார். கோபம் இல்லை. குரலே எழும்பாமல் பேசினார்.

புதன்கிழமை காலையிலேயே ஆண்டியப்பனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, வாசலில் ஆறு பேர் காவல் இருந்தார்களாம். உள்ளே ஒரு சத்தமும் இல்லையாம். ஒரு மணிக்கு அவன் மனைவி சோற்றை எடுத்துக்கொண்டு போய்த் திறந்து பார்த்தாளாம். கிடந்தானாம். துணி காய்ந்திருந்தது. தலைமுடியும் காய்ந்திருந்தது. பட்டணத்து டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறான் என்றாராம். நெஞ்சுக்குள் பாசித் தண்ணீர்.

“என்னாலதானே?” என்று கேட்டேன்.

“இன்னைக்கு உச்சிக்கு நானே கரையில போய்த் தனியா நின்னு பாத்தேன், வாத்தியாரய்யா” என்றார் அடைக்கலம். “அவ வரலைங்க.”